சுவர்கள் மீண்டன, சபை மீளுமா?

உத்திரமேரூருக்குச் சென்றவர்கள் ஊர் நடுவிலுள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தைக் காணாமல் திரும்புவதில்லை. அங்குள்ள கருங்கற் சுவர்களில் ஓர் ஊரின் ஆட்சிமுறையே எழுத்தாக வெட்டப்பட்டுள்ளது. முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் அவை; கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோரின் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்த முறையை அவை விளக்குகின்றன. ஏரியைக் காக்க ஒரு வாரியம், தோட்டங்களைக் காக்க ஒரு வாரியம், ஆண்டுக் காரியங்களைக் கவனிக்க ஒரு வாரியம் எனப் பொறுப்புகள் பகுக்கப்பட்டிருந்தன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்வுக்கு வர இயலாது. அவருடைய உறவினரும் வர இயலாது என்ற விதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளாகச் சுவர் நிற்கிறது, எழுத்தும் நிற்கிறது. அந்தச் சுவர்களுக்கு நடுவே கூடிய சபை இன்று இல்லை. அதற்காக நாம் வருந்த வேண்டியதுமில்லை. அது ஒரு சதுர்வேதிமங்கலத்தின் சபை. சொந்த மனையும், வரி செலுத்தும் நிலமும், வேதப் பயிற்சியும், 35க்கு மேல் 70க்குள் வயதும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. உழுதவருக்கும் நெய்தவருக்கும் அங்கே ஓலை எழுதப்படவில்லை. முறையின் நேர்த்தியைப் போற்றும்போதே அதன் வாயில் எவ்வளவு குறுகியது என்பதையும் சொல்வதுதான் நேர்மை.

இந்த இரண்டு உண்மைகளையும் நாம் இங்கே முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. பழைய நாடக அரங்குகளைப் புதுப்பித்து மக்களின் கலைக்கூடமாக ஆக்க வேண்டும் என்ற பேச்சு இன்று பல ஊர்களில் எழுந்துள்ளது. நல்ல பேச்சுத்தான், ஆயினும் அரங்கம் என்பது சுவரா, சபையா என்ற வினாவுக்கு விடை கண்டுவிட்டு அந்தப் பணியில் இறங்குவதே முறையாகும். சுவர் நின்று சபை மறையக்கூடும் என்பதற்கும், சபை இருந்தும் அதன் வாயில் பலருக்கு அடைபட்டிருக்கக்கூடும் என்பதற்கும் உத்திரமேரூர் மண்டபமே சான்றாக நிற்கிறது.

தமிழ்நாட்டில் இவ்வகைப் பணிக்கு முதன்மையான எடுத்துக்காட்டு சென்னை விக்டோரியா பொது மண்டபம். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் கட்டடத்துக்கும் அருகே, பெரியமேட்டுக்குப் போகும் நம்மவர் நாள்தோறும் கடந்துசெல்லும் செங்கற் கட்டடம் அது. 1883இல் விஜயநகரம் அரசர் அடிக்கல் நாட்டினார். சிசம் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்த அமைப்பின்படி, நம்பெருமாள் செட்டியார் 1888இல் தொடங்கி 1890இல் கட்டி முடித்தார். செல்வரும் சமீன்தாரும் நன்கொடை அளித்து எழுந்த மண்டபமாதலால் ‘பொது மண்டபம்’ என்ற பெயர் பெற்றது. விவேகானந்தரும் காந்தியடிகளும் பேசிய மேடை அது.

ஆனால் அதற்கு உயிர் கொடுத்தது நாடகம். பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தம் நண்பர்களோடு தொடங்கிய சுகுண விலாச சபா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1930களின் நடுப்பகுதி வரை இந்த மண்டபத்தையே தன் இல்லமாகக் கொண்டிருந்தது. வழக்கறிஞரும் அலுவலரும் கூச்சமின்றி அரிதாரம் பூசினர்; சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவர்களும் மேடையேறினர். நாடகக்காரன் என்றாலே முகம் சுளித்த காலத்தில், நடிப்பு மதிப்புக்குரிய கலை என்று நிலைநாட்டிய பெருமை அச்சபைக்கு உண்டு. சம்பந்த முதலியாரும் இளமையில் தமிழ் நாடகத்தை வெறுத்தவரே. பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவினரின் தெலுங்கு நாடகத்தைக் கண்ட பின்னரே அவர் மனம் திரும்பிற்று. அவ்வாறு திரும்பிய மனம் தமிழுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்களைத் தந்தது.

பின்னர்த் திரைப்படம் வந்தது. சபையும் இடம் மாறிற்று. மண்டபம் மெல்ல மெல்லப் பொலிவிழந்து, நெடுங்காலம் பயனற்றுக் கிடந்தது. 2023இல் சென்னை மாநகராட்சி 32 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பீட்டில் சீரமைப்பைத் தொடங்கியது. கண்காட்சிக்கும் கலைநிகழ்ச்சிக்கும் இடமளிப்பதே திட்டத்தின் நோக்கம்.

இத்தகைய சீரமைப்பு எளிய வேலையன்று. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுந்த பழங்கட்டடம் மூச்சுவிடும் தன்மையுடையது. சுவருக்குள் புகுந்த ஈரம் காரை வழியே வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். நம் ஊர்ப் பழைய பள்ளிவாசல்கள் பலவற்றில் அன்போடு செய்த சிமெண்டுப் பூச்சு இத்தகைய தீங்கையே விளைவித்தது. சுண்ணாம்பை நீரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தி அரைத்துப் பூசும் கொத்தனார்கள் இன்று அருகிவிட்டனர். ஆகவே பழைய முறையில் ஒரு கட்டடத்தைச் செப்பனிடும்போது ஒரு கைத்தொழிலும் உயிர் பெறுகிறது. இதற்காகச் செலவிடும் பணத்தை வீண் என்று சொல்பவரோடு நமக்கு உடன்பாடில்லை.

நம் விமர்சனம் வேறு இடத்தில் தொடங்குகிறது. கட்டடம் எவ்வளவு அழகாக மீண்டாலும், அதைக் காண வருவோரும் அதில் நடிக்க வருவோரும் ஒன்றல்லர். காண வருபவர் ஒருமுறை வந்து படமெடுத்துச் செல்வார். நடிப்பவருக்கோ ஒத்திகைக்கு நாள் வேண்டும், தாங்கக்கூடிய வாடகை வேண்டும், ஆண்டுக்கு ஆண்டு உறுதியான இடம் வேண்டும். இவை இல்லையேல் நாடக அரங்கம் நாடகத்தின் நினைவுச்சின்னமாகிவிடும். மும்பையின் ராயல் ஆப்பரா ஹவுஸ் 1993இல் மூடப்பட்டு, நுட்பமான சீரமைப்புக்குப்பின் 2016இல் திறக்கப்பட்டது; மறு ஆண்டே யுனெஸ்கோவின் பாராட்டையும் பெற்றது. பாராட்டத்தக்கதே. ஆயினும் பரிசு வழங்குவோர் அளந்தது கட்டடத்தை. அந்த மேடையில் ஏழைக் கலைஞன் ஒருவனுக்கு இடம் கிடைத்ததா என்பதை அளக்கும் கோலை நாம் இன்னும் செய்துகொள்ளவில்லை.

சென்னையை விட்டு மீண்டும் உத்திரமேரூர்ப் பக்கம் வருவோம். இப்பகுதிக் கிராமங்களின் பழம்பெரும் நாடக அரங்குக்குச் சுவரே கிடையாது. அறுவடை முடிந்த வயலும் கோயில் எதிரிலுள்ள திடலுமே அரங்கம். பாரதத் திருவிழா நடக்கும் நாட்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து. ஒரு பலகை, இருவர் பிடித்த ஒரு திரை, பின்னே முகவீணையும் மிருதங்கமும் தாளமும் ஆர்மோனியமும். இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டைகளும் அணிந்து வேடக்காரன் திரைக்குப் பின் நின்று பாடத் தொடங்குவான். திரை விலகும்போது உறங்கிய குழந்தையும் எழுந்து உட்காரும். அந்தக் கட்டைகளாலேயே இதற்குக் கட்டைக்கூத்து என்று பெயர் வந்தது.

நம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் இந்தப் பகுதியில் பெட்ரோமாக்ஸ் விளக்குகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். கூத்து நடக்கும் இரவுகளில் விளக்குகளைக் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. மணிக்கொரு தரம் காற்றடிக்க வேண்டும், மேண்டில் உதிர்ந்தால் மாற்ற வேண்டும். ஆகவே விடிய விடிய அவர் அரங்கின் ஓரத்திலேயே நிற்பார். இப்படி நின்றே பதினெட்டாம் போர் முழுவதும் அவருக்கு மனப்பாடம். கர்ணன் விழும் கட்டத்தில் விளக்கின் ஒளி குறைந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே காற்றடித்து வைப்பாராம். கூத்துக்காரர்கள் அவரைப் “பாய்” என்று அழைத்து, வேடம் கட்டுமுன் “இன்னிக்கு வெளிச்சம் எப்படி பாய்?” என்று கேட்பார்களாம். பஜ்ருக்கு வீடு திரும்பித் தொழுதுவிட்டுத்தான் உறங்குவார். அது அயலார் கதை என்றோ, தம் மார்க்கத்துக்கு மாறானது என்றோ அவர் கருதியதில்லை. தம் தொழில், தம் ஊர், தம் அயலவர் என்ற உணர்வே அவரிடம் இருந்தது. நாம் சபை என்று சொல்வது இதைத்தான். நடிப்பவர், பார்ப்பவர், விளக்குப் பிடிப்பவர் ஆகிய மூவரும் சேர்ந்தாலன்றி அது கூடுவதில்லை.

இந்தக் கூத்துக்கு வாழ்வளிக்க இதே மாவட்டத்தில் ஒரு முயற்சி நடந்தது. கூத்துக் கலைஞர்கள் சிலர் 1990இல் ஒன்றுகூடிக் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். கலைஞர் பெ. இராஜகோபாலும், கூத்தை ஆய்ந்த ஹன்னா டி புரூயின் என்ற டச்சு அம்மையாரும் அதன் தூண்களாக இருந்தனர். காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கல் சிற்றூரில் 2002இல் குருகுலம் ஒன்று தொடங்கப்பட்டது. பிள்ளைகள் காலையில் பள்ளிப்பாடமும் கூத்துப் பயிற்சியும் ஒருங்கே பெற்றனர். நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதாயிருந்த மேடையில் பெண்பிள்ளைகளும் கட்டை கட்டி ஆடினர். 2020இல் அந்தக் குருகுலம் மூடப்பட்டது.

இந்த வரலாற்றை விக்டோரியா மண்டபத்தின் வரலாற்றோடு ஒப்பிட்டால் நமக்கு ஒரு தெளிவு பிறக்கும். அங்கே கட்டடம் முதலில் வந்தது. மனிதர் பின்னர் வந்தனர். மனிதர் போனபின்னும் கட்டடம் காக்கப்பட்டது. இங்கே மனிதர் முதலில் வந்தனர். அவர்களுக்கு வேண்டியதாலேயே இடம் எழுந்தது. ஆயினும் சுண்ணாம்புச் சுவருக்குக் கோடிகளை ஒதுக்க முன்வரும் சமுதாயம், கூத்தாடக் கற்கும் ஒரு பிள்ளையின் சாப்பாட்டுச் செலவுக்கு ஆண்டுதோறும் கைநீட்ட வைக்கிறது. கட்டடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும், கல்லில் பெயரும் பொறிக்கப்படும். கலைஞருக்கோ ஒவ்வோர் ஆண்டும் கொடுக்க வேண்டும், பெயர் பொறிக்க அங்கே கல் இல்லை. நம் கொடையுள்ளத்தின் இந்தக் குறையை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்விரண்டையும் இணைத்த முன்மாதிரி இலங்கையில் உண்டு. கொழும்பில் ஸாஹிராக் கல்லூரி அமைந்துள்ள மருதானைப் பகுதியில், 1911இல் டவர் ஹால் என்ற நாடக அரங்கம் திறக்கப்பட்டது. பம்பாயிலிருந்து வந்த பார்சிக் கம்பெனிகளின் நாடகங்களைக் கண்டு வளர்ந்த சிங்கள இசைநாடகத்துக்கு அதுவே தாய்வீடாயிற்று. திரைப்படம் வந்ததும் அதுவும் நிறம் மாறியது. 1978இல் அதனை மீட்கச் சட்டமே இயற்றி ஒரு மன்றத்தை நிறுவினர். கட்டடத்தைச் செப்பனிட்டதோடு நில்லாமல், அம்மேடையில் ஆடி முதுமையடைந்த கலைஞர்களுக்கு உதவித்தொகையும் இளைஞர்களுக்குப் பயிற்சியும் அந்த மன்றத்தின் பொறுப்பில் சேர்க்கப்பட்டன. சுவரையும் சபையையும் ஒரே சட்டத்தில் கட்டிய அந்த அறிவுக்கூர்மையை நாம் பின்பற்றலாம்.

பார்சிக் கம்பெனி என்றதும் நம் வாசகர்களுக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரவேண்டும். அக்கம்பெனிகள் ஊர்தோறும் ஆடிப் புகழ்பெற்ற நாடகங்களுள் ஒன்று ‘இந்தர் சபா’. 1853ஆம் ஆண்டளவில் லக்னோவில் அதை உருதுவில் இயற்றியவர் ஆகா ஹசன் அமானத் என்ற முஸ்லிம் கவிஞர். தேவலோகத்து இந்திரனின் அவையை ஒரு முஸ்லிம் கவிஞர் பாட, அதைப் பார்சி முதலாளிகள் மேடையேற்ற, எல்லா மதத்தாரும் கண்டு களித்தனர். இந்நாட்டு நாடகமேடை அந்நாளில் எவ்வளவு அகன்ற வாயிலை உடையதாயிருந்தது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தமிழிலும் நமக்குப் பங்கு இல்லாமல் இல்லை. இராஜநாயகம் பாடிய வண்ணக்களஞ்சியப் புலவர் பெயரால் அலிபாதுஷா நாடகம் வழங்குகிறது. இன்னும் சில நாடகங்களும் நம் புலவர்களால் இயற்றப்பட்டுள்ளன. அண்மைக் காலத்திலும், எம்.ஜி.ஆர். நாடக மன்றத்துக்கும் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கும் எழுதிய ரவீந்தர், நாகூரில் பிறந்த காஜா முகைதீன் என்பது பலருக்குப் புதிய செய்தியாயிருக்கும். 1973இல் திருச்சியில் கூடிய முதல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாட்டுக்குப் பின் நம் காப்பியங்களும் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் அறிஞர்களால் தேடி எடுக்கப்பட்டன, ஆய்வேடுகள் பெருகின. ஆயினும் நம் நாடக நூல்கள் ஏட்டிலும் அச்சிலும் அடங்கிக் கிடக்கின்றன. காப்பியத்தை வாசித்தால் போதும். நாடகத்தை நடித்தாலன்றி அதன் அருமை புலப்படாது. புதுப்பித்த அரங்கு ஒன்றில் அலிபாதுஷா நாடகத்துக்கு ஓர் இரவு வேண்டும் என்று நம்முள் எவரேனும் கேட்டோமா? கேட்கவில்லை. அரங்கின் கதவு நமக்கு மூடியிருந்தது என்று குறை சொல்வதற்கு முன், அதை நாம் தட்டினோமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

நாடகமும் இசையும் ஆகுமா என்ற கருத்து வேறுபாடு நம் குடும்பங்களில் உண்டு என்பதை நாம் அறிவோம். அதைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலையன்று. அவரவர் தம் மனச்சான்றின்படி நடக்கட்டும். ஆனால் ஊர்ப் பொதுச் செல்வத்தில் எழும் ஓர் அரங்கை எப்படி நடத்த வேண்டும் என்பதில் கருத்துச் சொல்லும் கடமை, அங்கே நாடகம் பார்ப்பவருக்கும் உண்டு, பாராதவருக்கும் உண்டு. கவியரங்கும் புத்தகக் கண்காட்சியும் பிள்ளைகளின் பேச்சுப்போட்டியும் நடக்கும் இடமும் அதுவேயன்றோ?

சிற்றூர்களிலும் சிறு நகரங்களிலும் திரையிடுவதை நிறுத்திவிட்ட கொட்டகைகள் பல உள்ளன. சில திருமண மண்டபங்களாயின, சில கிடங்குகளாயின, சில மண்ணோடு மண்ணாகின்றன. இவற்றுள் ஒன்றை ஊரின் கலைக்கூடமாக மீட்க முன்வருவோர் மூன்று வினாக்களுக்கு விடை கூற வேண்டும் என்பது நம் கருத்து.

முதலாவது, வாயில் யாருக்குத் திறக்கும்? கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், படியேற இயலாத முதியவருக்கும், பர்தா அணிந்து வரும் பெண்ணுக்கும் கூச்சமின்றி உட்கார இடமும், தூய கழிப்பிடமும், நேரத்தோடு வீடு திரும்ப வசதியும் இல்லாத அரங்கைப் பொது அரங்கு என்று அழைப்பது பொருந்தாது. இரண்டாவது, மேடை யாருக்குக் கிடைக்கும்? ஆண்டில் இத்தனை இரவுகள் உள்ளூர்க் கூத்துக்கும் உள்ளூர்ப் பள்ளிக்கும் வாடகையின்றி உரியவை என்று விதியிலேயே எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் கல்யாணமும் கட்சிக்கூட்டமும் அந்த நாட்களை விழுங்கிவிடும். மூன்றாவது, கணக்கு யார் காட்டுவது? இதற்கு நாம் வெளிநாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வரலாகாது என்ற உத்திரமேரூர் விதியை எடுத்து அப்படியே எழுதிக்கொண்டால் போதும்.

ஆனால் அந்த விதியை எடுத்துக்கொள்ளும்போது அந்தச் சபையின் குறுகிய வாயிலையும் கூடவே எடுத்துக்கொள்ளலாகாது. நிலமுடையோர் மட்டும் கூடிய சபையும், படித்த ஆடவர் மட்டும் நடித்த சபையும் நாம் கண்ட வரலாறு. இனி எழவேண்டிய சபையில் குடத்தில் இடும் ஓலைகளில் நெசவாளியின் பெயரும், கூத்தாடியின் பெயரும், நம் வீட்டுப் பெண்களின் பெயரும் இருத்தல் வேண்டும்.

நம் பெரியவர் விட்டுச்சென்ற பெட்ரோமாக்ஸ் ஒன்று இன்னும் நம் உறவினர் வீட்டுப் பரணில் இருக்கிறது. துடைத்து எண்ணெய் ஊற்றினால் எரியும் என்கிறார்கள். அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்ட வேண்டும் என்று இளைஞர் ஒருவர் அண்மையில் சொன்னார். வேண்டாம் என்றோம். ஊரில் மீண்டும் ஒரு கூத்து நடக்கும் இரவில் அதை ஏற்றி அரங்கின் ஓரத்தில் வைத்துவிட்டு, விடியும்வரை காற்றடித்துக்கொண்டு நிற்க ஒருவர் முன்வரட்டும். அதுவே அந்த விளக்குக்கும் அவருக்கும் நாம் செய்யும் மரியாதை.